சர்வீஸ் பஸ்: சேவைப் பாட்டை

மலேசியாவின் ஊத்தான் மெலிந்தாங் பக்கத்துச் செம்பனை ஆலையில் ‘சர்வீஸ் பஸ்’ என்று சொன்னால், பஸ்ஸை ஏதோ பட்டறையில் விட்டிருக்கிறார்கள் என்றுதான் கிராணிக்கு (ஆலை எழுத்தருக்கு) முதலில் தோன்றும். மென்பொருள் விற்பவரின் விலைப்பட்டியலில் வரும் ‘எண்டர்பிரைஸ் சர்வீஸ் பஸ்’ வேறு. எடைமேடை, செக்ரோல் (தொழிலாளர் சம்பளப் பதிவேடு), கணக்கு, ஸ்டோர் எனத் தனித்தனியாக ஓடும் மென்பொருள்கள் ஒன்றோடொன்று நேராகப் பேசாமல், நடுவிலுள்ள ஒரே தடத்தில் செய்தியைப் போட்டு அதிலிருந்தே எடுத்துக்கொள்ளும் ஏற்பாடு அது.

இலத்தீனில் ‘ஓம்னிபஸ்’ என்றால் ‘எல்லாருக்கும்’. 1820களில் பிரான்ஸில் காசு கொடுத்த எவரும் ஏறலாம் என்று ஓடிய குதிரை வண்டிக்கு அந்தப் பெயர் விழுந்தது. ஆங்கிலத்தில் தலை போய் வால் மட்டும் மிஞ்சியது. அந்த வாலோ வெறும் வேற்றுமை உருபின் துண்டு, நம் ‘எல்லாருக்கும்’ என்பதில் ‘க்கும்’ மட்டும் தனியே நிற்பதுபோல!

வண்டியிலிருந்து சொல் மின்நிலையத்துக்குப் போனது. எல்லாச் சுற்றுகளுக்கும் பொதுவாக மின்சாரம் பகிரும் தடித்த உலோகச் சட்டம் ‘பஸ்பார்’ ஆயிற்று. ஆலையின் சுவிட்ச்போர்டில், மின்சாரப் பொறுப்பாளரான சார்ஜ்மேன் அதைக் காட்டுவார். செம்பனைப் பழத்தின் நார், கொட்டையின் ஓடு இரண்டையும் எரித்துச் சுழலும் நீராவி டர்பைன் அதில் மின்சாரத்தைக் கொடுக்கிறது, பிரஸ் மோட்டாரும் பம்பும் அதிலிருந்தே எடுக்கின்றன. பிறகு கணினிக்குள் செயலியும் நினைவகமும் பகிரும் கம்பித் தொகுதிக்கு இதே பெயர். மென்பொருளுக்கு வந்தது 2000களின் தொடக்கத்தில். பெயரின் மறுபாதியான ‘சர்வீஸ்’ அதற்கும் முந்தியது: 1996இலேயே, தகவல் தொழில்நுட்ப ஆய்வு நிறுவனமான கார்ட்னரின் ஆய்வாளர்கள் ‘சர்வீஸ் ஓரியண்டட் ஆர்க்கிடெக்சர்’, அதாவது சேவைநோக்குக் கட்டமைப்பு, என்ற பெயரை எழுதத் தொடங்கியிருந்தார்கள்.

தமிழில் ‘சேவைப் பேருந்து’ என்று எழுதுவது பிழை. இங்கே வண்டியே இல்லை. கணினிக் கலைச்சொற்களில் ‘தரவுப் பாட்டை’, ‘முகவரிப் பாட்டை’ என ஏற்கெனவே சொல் இருக்கிறது. ராஜபாட்டையில் வரும் அதே பாட்டைதான். ‘சட்டம்’ என்றும் சொல்லலாமே என்றால், பஸ்பாரில் ஓடும் மின்சாரத்துக்கு முகவரி கிடையாது, செய்திக்கு உண்டு. அதனால் பாதையைக் குறிக்கும் சொல்லே பொருந்தும். ‘சேவை’ என்றதும் கொங்கு நாட்டாருக்கு இடியாப்பம் நினைவுக்கு வரலாம். ‘பாட்டை’ ஒட்டிவிட்டால் அந்தக் குழப்பமும் தீர்ந்தது. ஆக, நிறுவனச் சேவைப் பாட்டை. சுருக்கமாகச் சேவைப் பாட்டை.

ஓர் எடைச்சீட்டைப் பின்தொடர்ந்தால் இதன் வேலை தெரியும். குலை ஏற்றிய லாரி உள்ளே வரும்போது 14,820 கிலோ, இறக்கிவிட்டுப் போகும்போது 5,640. நிகர எடை 9,180 கிலோ. சீட்டைச் சேமித்ததும் எடைமேடையின் இணைப்பி (மென்பொருளைப் பாட்டையோடு சேர்க்கும் நிரல்) அதைச் செய்தியாக்கிப் பாட்டையில் விடும். கணக்கு மென்பொருளுக்கு டன்னில் வேண்டும், பாட்டை 9.18 என மாற்றித் தரும். குலை விற்றவரின் குறியீடு இரண்டு இடத்திலும் வேறுவேறு. அதையும் பெயர்த்துத் தரும். அந்த நேரத்தில் கணக்குக் கணினி அணைந்திருந்தால் செய்தி வரிசையில் காத்திருக்கும், லாரி காத்திருக்க வேண்டியதில்லை.

கெடுவது பெரும்பாலும் இரட்டிப்பில்தான். கணக்கு மென்பொருள் பதிந்துவிட்டது, ஆனால் ‘கிடைத்தது’ என்ற பதில் வருமுன் லைன் போய்விட்டது என்று வையுங்கள். பாட்டை மறுபடி அனுப்பும். ஒரே குலைக்கு இருமுறை பணம் போகும். ஆலைக் குறியீடு, ஆண்டு, சீட்டு எண் மூன்றையும் சேர்த்து ஒரே திறவுகோலாக்கி, பெறும் மென்பொருள் ‘இது முன்பே வந்ததா’ என்று பார்த்துத் தள்ள வேண்டும். ஆண்டை விட்டுவிடாதீர்கள்: ஜனவரியில் எண் மீண்டும் 1இல் தொடங்கும் ஏற்பாடு இருந்தால், புதுச்சீட்டையே பழையது என்று தள்ளிவிடும்.

நேரமும் காலை வாரிவிடும். உள்நாட்டு வருமான வரி வாரியம் 2024 ஆகஸ்ட் 1 முதல் கட்டம் கட்டமாகக் கட்டாயமாக்கிய மின்விலைப்பட்டியலில் (இ-இன்வாய்ஸில்) உலகப் பொது நேரத்தைத்தான் எழுத வேண்டும். மலேசிய நேரம் அதைவிட 8 மணி முன்னால். மாதத்தின் முதல் நாள் காலை 7 மணி என்பது உலகப் பொது நேரத்தில் முந்தின மாதக் கடைசி நாள் இரவு 11. மாற்றத்தை ஒரே இடத்தில், கடைசி இணைப்பியில் மட்டும் செய்யுங்கள். இரண்டு இடத்தில் செய்தால் 16 மணி தள்ளிப்போகும்.

எத்தனை முறை அனுப்பியும் ஏற்கப்படாத செய்திகள் ‘டெட் லெட்டர்’ வரிசையில் விழும்; சேராச் செய்திகள் எனலாம். இதை யார் பார்ப்பது என்று பெயர் குறிக்காத அலுவலகத்தில் அது மாதக்கணக்கில் தேங்கும். அறுவடை எடை செக்ரோலுக்குப் போகாமல் அதில் கிடந்தால் சம்பளம் குறையும், சேமநிதிச் சந்தாவும் தப்பாகும். சந்தா கட்டக் கெடு அடுத்த மாதம் 15ஆம் தேதி என்பதால் தினமும் பார்ப்பதே சரி.

இன்னொன்று, விலை நிர்ணயம், கிரேடிங் கழிவு (குலையின் தரம் பார்த்துக் கழிப்பது) போன்ற விதிகளைப் பாட்டைக்குள் எழுதவே கூடாது. எழுதினால் விலை மாறும் ஒவ்வொரு முறையும் பாட்டையைப் பராமரிப்பவரைத் தேடி ஓட வேண்டும். பின்னாளில் பலர் பாட்டையை விட்டு நுண்சேவைகளுக்கு, அதாவது தனித்தனியே இயங்கும் சிறுசிறு மென்பொருள்களுக்கு, மாறியதற்கு இந்தச் சுமையும் ஒரு காரணம்.

எல்லா ஆலைக்கும் இது தேவையா என்றால், இல்லை. ஆறு மென்பொருள்களை ஒவ்வொன்றோடும் நேராக இணைக்க 15 இணைப்புகள் வேண்டும், பாட்டை வழியாக 6 போதும். மூன்றே இருந்தால் இரண்டு வழியிலும் மூன்றுதான், பாட்டைக்கான உரிமக் கட்டணமும் சர்வரும் மேற்செலவு.