சிகிச்சைக்காகச் சென்னை வருவோர் அறை எடுக்கும் முன்

மருத்துவமனையில் சமூகப் பணியாளராக இருக்கும் நான், வெளியூரிலிருந்து வரும் குடும்பத்தாரிடம் முதலில் கேட்பது, "எங்கே தங்கியிருக்கிறீர்கள், எத்தனையாவது மாடி?" என்பதைத்தான். இரண்டு முழங்கால்களுக்கும் மூட்டு மாற்று அறுவைச் சிகிச்சை செய்துகொள்ளத் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த பெரியவர் ஒருவருக்கு, அவருடைய மகன் மருத்துவமனைக்கு அருகிலேயே, வாடகை குறைவு என்பதற்காக, லிஃப்ட் இல்லாத லாட்ஜில் இரண்டாம் மாடி அறையை எடுத்திருந்தார். வந்த அன்று கைத்தடியை ஊன்றி மெல்ல மெல்லப் படியேறிவிட்ட அந்தப் பெரியவரை, டிஸ்சார்ஜ் ஆன அன்று மகனும் லாட்ஜ் ஊழியர்கள் இருவரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிச் செல்ல வேண்டியதாயிற்று. மேலே போனபின், கழிப்பறையில் குத்துக்காலிட்டு உட்கார முடியாமல் அவர் பட்ட அவதி வேறு. அந்த அறை வந்திறங்கிய நாளுக்குப் பொருத்தமானது. டிஸ்சார்ஜ் நாளை யாரும் கணக்கில் எடுக்கவில்லை.

ஆகவே, பயணச்சீட்டு எடுப்பதற்கு முன்பே, சிகிச்சை தரும் துறையில் இரண்டு கேள்விகளுக்கு விடை பெற்றுவிடுங்கள்: நோயாளி உள்நோயாளியாக எத்தனை நாள் இருப்பார், வெளியே வந்தபின் எத்தனை நாள் ஊருக்குப் போகாமல் அருகில் இருக்க வேண்டும்? தையல் பிரிக்க மட்டும் என்றால் இரண்டு வாரத்துக்குள் முடிந்துவிடும். கதிர்வீச்சுச் சிகிச்சை என்றால் வாரத்துக்கு ஐந்து நாள் வீதம் பல வாரங்கள் நீளலாம். நோயாளி வார்டில் இருக்கும் நாட்களில் அறை என்பது துணைக்கு வந்தவர் குளித்து, உடை மாற்றி, சற்றுத் தூங்குவதற்கு மட்டுமே. அதற்கு டார்மிட்டரிப் படுக்கையே போதும். முதல் நாளிலிருந்தே பெரிய அறைக்குப் பணம் கட்டிவிட்டு, டிஸ்சார்ஜுக்குப் பிறகு உண்மையாகவே நல்ல அறை தேவைப்படும்போது கையில் காசில்லாமல் நிற்கும் குடும்பங்களை மாதந்தோறும் பார்க்கிறேன்.

டிஸ்சார்ஜுக்குப் பிந்தைய அறையைத் தொலைபேசியில் பேசி முடிவுசெய்யாதீர்கள். நோயாளி வார்டில் இருக்கும்போதே நேரில் போய், தரைத்தளமா அல்லது லிஃப்ட் உண்டா, மின்சாரம் நின்றால் அந்த லிஃப்ட் ஜெனரேட்டரில் ஓடுமா, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா, குளியலறைக்குள் இறங்கும் படி எவ்வளவு உயரம் என்று பாருங்கள். உடலில் குழாயோ கட்டோ உள்ளவர்களைச் சில விடுதிகள் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடுவதால், நோயாளியின் நிலையை முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்கிக்கொள்வது நல்லது. வாடகைக் கணக்கையும் விசாரியுங்கள். நுழைந்த நேரத்திலிருந்து 24 மணி நேரம் என்று சில இடங்களில் கணக்கிடுவார்கள். பகல் 12 மணிக்கு நாள் முடிகிறது என்று சில இடங்களில் சொல்வார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு ரயிலிலிருந்து இறங்கி, இரண்டாவது வகை விடுதிக்குள் நுழைந்தால், ஏழு மணி நேரத்தில் ஒரு நாள் வாடகை போய்விடும். அப்படிப்பட்ட நாளில், உங்கள் டிக்கெட்டின் பி.என்.ஆர். எண்ணைக் கொண்டு ரயில் நிலைய ஓய்வறையை முன்பதிவு செய்துகொள்ளலாம். நீண்ட நாள் தங்க வேண்டியவர்கள், மருத்துவமனை வாசலில் வந்து பையைப் பிடிக்கும் தரகரிடம் போகாமல், முதலில் என்னைப் போன்ற சமூகப் பணியாளரைத் தேடி வாருங்கள். அறக்கட்டளைகள் நடத்தும் தங்குமிடங்கள் பலவற்றில் மருத்துவமனைக் கடிதம் இருந்தால்தான் இடம் கிடைக்கும், அந்தக் கடிதத்துக்கு எங்களிடம்தான் வர வேண்டும்.

பயணத்தைப் பொறுத்தவரை, பழைய நினைவில் கோயம்பேடு பேருந்து நிலையத்தை மனத்தில் வைத்துக்கொண்டு வருவோர் இன்னும் இருக்கிறார்கள். 2023 டிசம்பர் இறுதியில் கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்ட பிறகு, தென் மாவட்டப் பேருந்துகள் வண்டலூரை அடுத்த அந்த முனையத்தோடு நின்றுவிடுகின்றன. சென்ட்ரல் எதிரிலுள்ள அரசுப் பொது மருத்துவமனைக்கு அங்கிருந்து ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர். இரவெல்லாம் பேருந்தில் உட்கார்ந்து வந்த நோயாளியை, மறுபடியும் மாநகரப் பேருந்தில் ஏற்றிக் காலை நெரிசலில் கொண்டு வருவதைவிட, ரயிலில் வருவதே மேல். தாம்பரத்தில் நிற்கும் ரயிலாக இருந்தால், அங்கேயே இறங்கி, கடற்கரை செல்லும் மின்சார ரயிலில் பூங்கா நிலையம் வரை போகலாம். பொது மருத்துவமனை அங்கிருந்து நடக்கும் தொலைவில் இருக்கிறது. எட்டு மணிக்குள் ஏறிவிடுங்கள், அதன்பின் அந்த ரயிலில் நோயாளிக்கு நிற்கவும் இடமிருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மழைக்காலத்தில், சுரங்கப்பாதைகளில் நீர் தேங்கிப் போக்குவரத்து நின்றுவிடுவது உண்டு என்பதால், அறுவைச் சிகிச்சைக்குக் குறித்த நாளுக்கு முந்தைய நாளே வந்து சேர்ந்துவிடுவது பாதுகாப்பு.

இலங்கையிலிருந்து வருவோர், கடவுச்சீட்டையும் விசாவையும் தங்கும் இடத்தில் காட்டி, வெளிநாட்டவர் தங்குவதை அரசுக்குத் தெரிவிக்கும் படிவம் ('சி' படிவம் என்று அழைக்கப்பட்டு வந்தது) 24 மணி நேரத்துக்குள் பதிவாகிவிட்டதா என்று கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள். உறவினர் வீட்டிலோ வாடகை வீட்டிலோ தங்கினாலும், இதைச் செய்ய வேண்டிய பொறுப்பு இடம் கொடுத்தவருக்கு உண்டு.

ஊர் திரும்பும் டிக்கெட்டில் பலர் இழக்கும் ஒரு சலுகையையும் சொல்ல வேண்டும். 2020 மார்ச்சில் ரயில்வேயில் மூத்த குடிமக்கள் சலுகை நிறுத்தப்பட்டதால், நோயாளிகளுக்கான சலுகையும் போய்விட்டது என்று எண்ணுகிறார்கள், அது தொடர்கிறது. சிகிச்சைக்காகப் பயணம் செய்யும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் கட்டணம் முழுவதும் தள்ளுபடி, உடன் செல்லும் ஒருவருக்கு அதே வகுப்புகளில் 75 சதவீதம். இதய அறுவைச் சிகிச்சைக்கும் டயாலிசிஸுக்கும் செல்வோருக்கும் சலுகை உண்டு. இதற்கு மருத்துவர் கையெழுத்திட்ட, ரயில்வே வகுத்த படிவத்திலான சான்றிதழை முன்பதிவுக் கவுன்ட்டரில் கொடுக்க வேண்டும். டிஸ்சார்ஜ் அன்று பில்லுக்கும் மருந்துக்கும் ஓடிக்கொண்டிருக்கையில் அந்த மருத்துவரைப் பிடிப்பது கடினம். எனவே இரண்டு நாள் முன்பே, காலை ரவுண்ட்ஸுக்கு அவர் வரும்போது, படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருங்கள்.