அசிடாபுலம்: கிண்ணக்குழியும் கிண்ணமும்

இலத்தீனில் 'அசிடம்' என்றால் காடி. ரோமானியர் காடி ஊற்றி மேசையில் வைத்த சிறு கிண்ணம் 'அசிடாபுலம்'. ஏறத்தாழ 68 மில்லி பிடிக்கும் முகத்தலளவைக்கும் அதே பெயர். தொடையெலும்பின் பந்து உட்காரும் குழியும் அந்த வடிவம்தான் என்பதால் பெயர் இடுப்புக்கும் வந்தது. முதலாம் நூற்றாண்டிலேயே ரோமானிய எழுத்தாளர் பிளினி அப்படி எழுதுகிறார்.

தமிழுக்கு இது புதிதல்ல. பள்ளிப் பாடத்தில் 'பந்துக்கிண்ண மூட்டு' இருக்கிறது. மதுரை பெரியாஸ்பத்திரிக்கு உசிலம்பட்டியிலிருந்தோ மேலூரிலிருந்தோ வருபவரிடம் 'பந்துக்கிண்ணம் தேஞ்சிருச்சு' என்றால் போதும். ஆகவே உடலில் உள்ளதைக் 'கிண்ணக்குழி' என்றும், அறுவையில் பொருத்தும் செயற்கைப் பகுதியைக் 'கிண்ணம்' என்றும் பிரித்துச் சொல்லலாம். புற்றுக்கட்டி அறுவையில் இந்தப் பிரிவு மிகவும் தேவை.

தேய்மானத்துக்கான மூட்டு மாற்று அறுவையில் கிண்ணக்குழி மிஞ்சும். அதைக் கடைந்து கிண்ணத்தைத் தட்டி இறக்கினால் விளிம்பு கவ்விக்கொள்ளும். கட்டியோடு குழியையே வெட்டியெடுத்தால் கவ்வ விளிம்பு ஏது? 1978இல் எலும்பு அறுவை மருத்துவர்கள் என்னெகிங், டன்ஹாம் வகுத்த முறையில் இது 'பி2' வெட்டு. மேலே மிஞ்சும் இடுப்பெலும்புச் சிறகுதான் ஒரே பிடிமானம். அதனால் கிண்ணத்தின் முதுகில் கூம்புத் தண்டு வைத்து, திருவெலும்பு (முதுகெலும்பின் அடி எலும்பு) இடுப்பெலும்போடு சேரும் மூட்டை நோக்கிச் சிறகுக்குள் செலுத்துகிறார்கள். முதுகெலும்பு தாங்கும் எடை காலுக்கு இறங்கும் வழி அதுவே. வடிவத்தால் இதற்கு 'ஐஸ்கிரீம் கோன்' என்று பெயர். தண்டு எலும்புக்குள் 150 மைக்ரானுக்கு (0.15 மி.மீ.) மேல் அசைந்தால் எலும்புக்குப் பதில் நார்த்திசு வளர்ந்து, பிடி தளர்ந்துவிடும். தண்டில் நெடுக வரிமேடுகளும் நுண்துளை டைட்டானியமும் வைப்பது இதற்காகத்தான்.

பெரிய காயம், நீண்ட அறுவை, கீமோவால் குறைந்த எதிர்ப்பாற்றல் ஆகியவற்றால் கிருமித்தொற்றும் அதிகம்.

பந்து நழுவுவது இன்னொரு பெருந்தொல்லை. புட்டத் தசைகளும் மூட்டுறையும் கட்டியோடு போய்விட்டால் பந்தை இழுத்துப் பிடிக்க ஆளில்லை. வழக்கமாகக் கிண்ணம் 40 டிகிரி சாய்ந்து, 15 டிகிரி முன்னோக்கியிருக்க வேண்டும். ஆனால் அந்தக் கோணத்தைக் கணிக்க உதவும் எலும்பு அடையாளங்களும் வெட்டில் போயிருக்கும். எனவே பெரிய பந்து, அல்லது பந்துக்கு மேல் இன்னொரு பந்து சுழலும் 'இரட்டை அசைவு' கிண்ணம் (1970களில் பிரான்சில் மருத்துவர் பூஸ்கே உருவாக்கியது), மிஞ்சிய தசையைத் தைக்கப் பாலியெஸ்டர் வலைக்குழாய் ஆகியவை கைகொடுக்கின்றன.

வீட்டுக்கு அனுப்பும்போது தெளிவாகச் சொல்ல வேண்டும்: இடுப்பு 90 டிகிரிக்கு மேல் மடங்கி, தொடை உள்நோக்கித் திரும்பினால் பந்து கிண்ணத்தை விட்டுப் பின்னால் நழுவும். குத்தவைத்து உட்காரக் கூடாது. தரையில் பந்திக்கும் உட்காரக் கூடாது. மேற்கத்திய கழிப்பறை இல்லாத வீட்டில் உயரமான கழிப்பறை நாற்காலியை முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும்.