மழைக்கு முன்பே ரேஷன் அட்டையைச் சரிசெய்துவிடுங்கள்

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தபோது, அரசு அறிவித்த 6,000 ரூபாய் நிவாரணம் ரேஷன் கடைகள் வழியாக, டோக்கன் முறையில், ரொக்கமாக வழங்கப்பட்டது. வீட்டுக்குள் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்பதைவிட, எந்த வகை அட்டை எந்தக் கடையில் இருக்கிறது என்பதே வரிசையில் முதலில் கேட்கப்பட்டது. வட சென்னையில் அந்த வரிசைகளின் ஓரமாக அமர்ந்து பலருக்கு விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: உண்மையாகவே பாதிக்கப்பட்டு, அட்டையில் இருந்த ஒரு சிறு பிழைக்காகத் திருப்பி அனுப்பப்பட்டவர்களை அன்று கண்ணால் கண்டேன்.

தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் 2013 இல் வந்தது. தமிழ்நாடு அதை 2016 நவம்பரில் ஏற்றது. அதற்கு முன்பும் பின்பும் இங்கே அனைவருக்கும் பொது விநியோகத் திட்டம்தான். பின்னணி இவ்வளவு தெரிந்தால் போதும்.

முதலில் உங்கள் அட்டையில் அச்சிட்டிருக்கும் குறியீட்டைப் பாருங்கள். பிஎச்எச், பிஎச்எச்-ஏஏஒய், என்பிஎச்எச் ஆகிய மூன்றும் அரிசி பெறும் அட்டைகள். என்பிஎச்எச்-எஸ் என்றிருந்தால் அது சர்க்கரை அட்டை. என்பிஎச்எச்-என்சி என்றால் எந்தப் பொருளும் இல்லாத அட்டை. மிக்ஜாமின்போது சர்க்கரை அட்டைக்காரர்கள் நேரடியாக டோக்கன் பெற முடியாமல், வங்கிக் கணக்கு விவரத்துடன் தனியே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. எப்போதோ அரிசி வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த குடும்பம், வேலை போய் வருமானம் சுருங்கிய பிறகும் அதே குறியீட்டில்தான் இருக்கும். நினைத்த நாளில் இதை மாற்றிவிட முடியாது. 2019 நவம்பரிலும் 2020 டிசம்பரிலும் நடந்ததுபோல, அரசு அறிவிக்கும் சில நாள்களுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். அந்த அறிவிப்பு வரும்போது தவறவிடாதீர்கள்.

அதிகம் பேர் சிக்குவது முகவரியில். 2020 அக்டோபர் முதல் மாநிலத்தின் எந்தக் கடையிலும் பொருள் வாங்கலாம் என்றானபின், விழுப்புரத்திலிருந்தோ திருவண்ணாமலையிலிருந்தோ வந்து இங்கே வாடகைக்கு இருப்பவர்கள் முகவரி மாற்றுவதை மறந்தே போனார்கள். அரிசிக்கு அது தடையில்லை. நிவாரணமோ அட்டை பதிவாகியிருக்கும் கடையின் பட்டியலைப் பார்த்தே வந்தது. சென்னை முழுவதும் அதில் இருந்தது என்றாலும், பக்கத்து மாவட்டங்களில் குறிப்பிட்ட வட்டங்கள் மட்டுமே இடம்பெற்றன. ஆற்றங்கரையிலிருந்து மறுகுடியமர்த்தப்பட்டு, பழைய முகவரி அட்டையையே வைத்திருக்கும் குடும்பங்களுக்கும் இதே ஆபத்து உண்டு. வீட்டுக்காரர் வாடகை ஒப்பந்தம் தர மறுத்தால், ஆதார் முகவரியை முதலில் மாற்றிவிட்டு, அதைச் சான்றாக வைத்து அட்டைக்கு விண்ணப்பியுங்கள்.

புதிதாகத் திருமணமானவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. புது அட்டை வேண்டுமென்றால் பெற்றோர் அட்டைகளிலிருந்து இருவர் பெயரையும் முதலில் நீக்க வேண்டும். நீக்கிய நாளிலிருந்து கள ஆய்வு முடிந்து புது அட்டை வரும்வரை நீங்கள் எந்த அட்டையிலும் இல்லை. அந்த இடைவெளி அக்டோபர், நவம்பர் மழையில் விழாதபடி, கோடையிலேயே இந்த வேலையைத் தொடங்கிவிடுங்கள்.

அலுவலக அலைச்சலுக்கு நான் உடனிருந்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். வீட்டு வேலை செய்யும் ஓர் அம்மா. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து விரல் ரேகை அழிந்திருந்ததால் கடைக் கருவி அவர் கைரேகையை ஏற்கவில்லை. ஓடிபி போட்டால் அது இறந்துபோன கணவரின் எண்ணுக்குப் போனது. அந்த எண்ணோ வேறு யாரிடமோ போய்விட்டது. கடையில் மண்டல அலுவலகத்துக்குப் போகச் சொன்னார்கள். மண்டல அலுவலகத்தில், "ஆன்லைனில் போடும்மா" என்றார்கள். இ-சேவை மையத்தில் இணையதளத்தைத் திறந்தால், உள்ளே நுழைய அதே பழைய எண்ணின் ஓடிபியையே கேட்டது. மூன்று நாள் கூலி போனதுதான் மிச்சம். ஒருவர் உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் செய்யக்கூடிய திருத்தத்துக்கு ஓர் ஏழைப் பெண்ணை இப்படி அலையவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அவர் வேலை முடிந்தது இரண்டாவது சனிக்கிழமை குறைதீர் முகாமில்தான். மற்ற மாவட்டங்களில் ரேஷன் அட்டை வேலைகளைப் பார்க்கும் வட்ட வழங்கல் அலுவலகத்தைச் சென்னையில் தேடாதீர்கள்; இங்கே 19 மண்டல உதவி ஆணையர் அலுவலகங்கள்தான் அந்த வேலையைச் செய்கின்றன, மாதந்தோறும் அங்கேதான் முகாம் நடக்கிறது. கைபேசி எண் மாற்றம், பெயர் சேர்த்தல், நீக்கல், முகவரி மாற்றம் எல்லாம் அங்கே கேட்கலாம். குடும்பத் தலைவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழின் அசலையும் நகலையும் கொண்டுபோங்கள். நகல் இல்லையென்று திருப்பி அனுப்பினால் அடுத்த மாதம்தான். முதியவருக்குக் கைரேகை விழவில்லை என்றால் கருவிழிப் பதிவைக் கேளுங்கள். கடைக்கு வரவே முடியாதவர் தன் சார்பில் இன்னொருவரை அங்கீகரிக்கப் படிவம் இருக்கிறது, அதையும் வாய்விட்டுக் கேட்க வேண்டும், தாமாக எடுத்துத் தர மாட்டார்கள்.

வாய்வார்த்தையை நம்பி எந்த அலுவலகத்திலிருந்தும் திரும்பாதீர்கள். விண்ணப்பித்த குறிப்பு எண்ணை எழுதி வாங்குங்கள். கடையில் மறுத்தால் அங்கிருந்தே 1967 எண்ணை அழைத்துப் புகாரைப் பதிவு செய்யுங்கள். வாரக்கணக்கில் பதில் இல்லையென்றால், தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 10 ரூபாய்க் கட்டணத்தில், "இந்த எண்ணுள்ள விண்ணப்பம் இன்று யாருடைய மேசையில் இருக்கிறது, எத்தனை நாளாக?" என்று ஒரு கடிதம் எழுதுங்கள், 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். கிடப்பில் இருந்த விண்ணப்பங்கள் இந்த ஒரு கடிதத்துக்குப் பிறகு நகர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அட்டையின் இரு பக்கத்தையும், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கத்தையும் இன்றே கைபேசியில் படமெடுத்து, வெளியூரில் இருக்கும் உறவினர் ஒருவருக்கும் அனுப்பி வையுங்கள். தண்ணீர் ஏறிவிட்டால் வாசல் மட்டம் தெரியும்படி வீட்டையும் படமெடுங்கள். டோக்கன் பட்டியலில் பெயர் விடுபட்டு விண்ணப்பம் எழுத நேர்ந்தால், அதோடு இணைக்க உங்கள் கையில் இருக்கப்போவது அந்தப் படங்கள்தான்.