கூடுதல் லைட் எரியவில்லையா? லைட்டைக் கழற்றாதீர்கள்

பொள்ளாச்சியில் இருசக்கர வாகன எலெக்ட்ரீஷியன் வேலை செய்கிறேன். ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறும் சாலையில் 40 கொண்டை ஊசி வளைவுகள். மழைக்காலத்தில் மேலே மூடுபனி இறங்கிவிட்டால் பைக்கோடு வந்த ஹெட்லைட் போதவில்லை என்று பலர் ஃபாக் லைட் போட்டுக்கொள்கிறார்கள். நியாயமான தேவைதான். ஆனால் சில மாதங்களில் அந்த பைக்குகள் திரும்பி வருகின்றன. லைட் மினுக்குகிறது, ஃபியூஸ் அடிக்கடி போகிறது, காலையில் செல்ஃப் எடுப்பதில்லை, மழை பெய்தால் மட்டும் அணைந்துவிடுகிறது. "அண்ணா, லைட் போயிருச்சுங்க, வேற மாத்திக் குடுத்துருங்க" என்றுதான் பெரும்பாலும் பேச்சு தொடங்கும்.

அந்த லைட்டைக் கழற்றி ஒரு பேட்டரியில் நேராக வைத்தால் அநேகமாகப் பளிச்சென்று எரியும். குறை லைட்டில் இருப்பதைவிட, பேட்டரியிலிருந்து லைட்டுக்குப் போய்த் திரும்பி வரும் வழியில் இருப்பதே அதிகம். அந்த வழியைச் சோதிக்காமல் லைட், ஸ்விட்ச், ரிலே (ஸ்விட்சின் சிறு மின்சாரத்தால் லைட்டின் பெரிய மின்சாரத்தை இணைத்துவிடும் சிறு பெட்டி), பேட்டரி என்று ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் செலவு ஏறும், குறை அப்படியே இருக்கும். சில பைக்குகளில் அது தீப்பிடிக்கும் அளவுக்கும் போகும். அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

சரியாகப் போட்ட லைட்டில் மின்சாரம் போகும் வழி இதுதான்: பேட்டரி பாசிட்டிவ், அதை ஒட்டியே ஒரு ஃபியூஸ், பிறகு ரிலே, பிறகு லைட், அங்கிருந்து மின்சாரம் திரும்பி வரும் எர்த் வயர், கடைசியில் பேட்டரி நெகட்டிவ். போகும் வழியை எல்லோரும் கவனித்து இழுக்கிறார்கள். திரும்பி வரும் வழியை "எங்கேயாவது பாடியில் ஒரு போல்ட்டில் கொடு" என்று முடித்துவிடுகிறார்கள். என்னிடம் வரும் குறைகளில் பெரும்பங்கு அந்த போல்ட்டில்தான் இருக்கிறது.

ஒரு தம்பி கொண்டுவந்த பைக்கைச் சொல்கிறேன். ஃபாக் லைட் ஸ்விட்சைப் போட்டால் லைட் மங்கலாக எரியும், கூடவே நான்கு இன்டிகேட்டர் பல்புகளும் லேசாகச் சிவந்து எரியும். வேறிடத்தில் ஃபிளாஷரையும் (இன்டிகேட்டரை விட்டுவிட்டு எரிய வைக்கும் பாகம்) ஸ்விட்சையும் மாற்றியிருந்தார்கள், பலனில்லை. லைட் எரியும்போதே மல்டிமீட்டரின் கறுப்பு முனையைப் பேட்டரி நெகட்டிவிலும் சிவப்பு முனையை லைட்டின் எர்த் வயரிலும் வைத்துப் பார்த்தேன். ஏறக்குறைய பூஜ்யம் காட்ட வேண்டிய இடத்தில் பல வோல்ட் காட்டியது. ஹெட்லைட்டைச் சுற்றியிருக்கும் கவரான டூமைத் திறந்தால் காரணம் தெரிந்தது. ஃபாக் லைட்டின் எர்த்தை முன் இன்டிகேட்டர்களின் எர்த் வயரோடு முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். அந்த வயரை வண்டி வயரிங்கோடு இணைக்கும் கப்ளரில் பச்சை பூத்துப்போய் மின்சாரம் திரும்ப வழியில்லை. வழி அடைபட்டதும் மின்சாரம் முன் இன்டிகேட்டர் பல்பு வழியாக ஏறி, அதே பக்கத்துப் பின் பல்பு வழியாக இறங்கி, வண்டியின் பின்பக்க எர்த்தைப் பிடித்துவிட்டது. நான்கு பல்புகளும் எரிந்தது அதனால்தான். ஃபாக் லைட்டுக்குத் தனி எர்த் வயர் இழுத்து நேரே பேட்டரி நெகட்டிவில் கொடுத்து, கப்ளரையும் சுத்தம் செய்ததும் எல்லாம் சரியாகிவிட்டது. சம்பந்தமே இல்லாத ஒரு பல்பு மங்கலாக எரிந்தால், முதலில் எர்த்தைச் சந்தேகியுங்கள்.

கிராஷ் கார்டில் லைட்டை மாட்டி அதன் கிளாம்பிலேயே எர்த் கொடுப்பதும் இதே கதைதான். கிராஷ் கார்டுக்கு பவுடர் கோட்டிங், சேசிஸுக்கு (வண்டியின் இரும்புச் சட்டகம்) பெயின்ட். போல்ட் மரையின் ஓரத்தில் எங்கோ இரும்போடு இரும்பு படுவதால் முதல் நாள் எரியும். அதிர்விலும் மழையிலும் அந்தத் தொடர்பு போய்விடும்.

பீப் சத்தத்தை மட்டும் நம்ப வேண்டாம்

மல்டிமீட்டர் வாங்கியவர்கள் முதலில் கற்றுக்கொள்வது கன்டினியூட்டி சோதனை, அதாவது வயர் அறுபடாமல் இருக்கிறதா என்று பார்ப்பது. இரண்டு முனையில் வைத்தால் பீப் அடிக்கும், வயர் நன்றாக இருக்கிறது என்று முடிவு செய்துவிடுவார்கள். இங்குதான் பலர் ஏமாறுகிறார்கள். வயருக்குள் இருக்கும் செப்பு இழைகளில் ஒன்றே ஒன்று மிச்சமிருந்தாலும் பீப் அடிக்கும், ஏனென்றால் அந்தச் சோதனையில் போவது மிகச் சிறிய மின்சாரம். அந்த ஒற்றை இழையால் லைட்டுக்குத் தேவையான 3, 4 ஆம்பியரைத் தாங்க முடியாது.

அதனால் லைட் எரிந்துகொண்டிருக்கும்போதே வழியில் எவ்வளவு வோல்ட் விழுகிறது என்று அளக்க வேண்டும். எர்த் பக்கத்துக்கு மேலே சொன்ன முறை. பாசிட்டிவ் பக்கத்துக்குச் சிவப்பு முனை பேட்டரி பாசிட்டிவில், கறுப்பு முனை லைட்டுக்கு வரும் பாசிட்டிவ் வயரில். இரண்டு பக்கத்தையும் கூட்டினாலும் அரை வோல்ட்டைத் தாண்டாமல் இருந்தால் வயரிங் நன்றாக இருக்கிறது என்று நான் எடுத்துக்கொள்வேன். அதற்கு மேல் போனால் பேட்டரியில் வைத்த முனையை அப்படியே விட்டுவிட்டு மற்ற முனையை ஃபியூஸ், ரிலே, கப்ளர் என்று ஒவ்வொரு இணைப்பாக நகர்த்துங்கள். எந்த இடத்தைத் தாண்டும்போது எண் சட்டென்று மாறுகிறதோ அங்கேதான் குறை. ஒரு வயரையும் வெட்ட வேண்டியதில்லை.

வயரின் கனமும் இதில் சேர்த்தி. விலை குறைந்த செட்டுகளில் வரும் வயர் தடிமனாகத் தெரியும், உரித்துப் பார்த்தால் பிளாஸ்டிக்தான் அதிகம். 1 சதுர மில்லிமீட்டர் செப்பு வயரில் போக வர 3 மீட்டர் நீளத்துக்கு 4 ஆம்பியர் ஓடினால் விழுவது சுமார் 0.2 வோல்ட். அதே நீளத்துக்கு 0.2 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் 1 வோல்ட் போய்விடும், போன அந்த மின்சாரம் வயரைச் சூடாக்கும். ஹாலஜன் பல்பில் வோல்ட் பத்தில் ஒரு பங்கு குறைந்தாலே வெளிச்சம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறையும். நல்ல டிரைவர் (மின்சாரத்தைச் சீராக்கும் உள் சர்க்யூட்) உள்ள எல்இடி லைட்டுகள் வேறு மாதிரி. வோல்ட் குறைந்தால் அவை கூடுதல் ஆம்பியர் இழுத்து வெளிச்சத்தைக் காப்பாற்றிக்கொள்ளும். பார்ப்பவருக்குக் குறை தெரியாது, உள்ளே வயர் சுட்டுக்கொண்டிருக்கும்.

ஃபியூஸ் போகிறதென்றால்

ஃபியூஸ் இருப்பது லைட்டைக் காப்பாற்ற அல்ல, வயரைக் காப்பாற்ற. அதனால் அது பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும். லைட்டுக்குப் பக்கத்தில் வைத்தால், பேட்டரியிலிருந்து அதுவரை பெட்ரோல் டேங்க்குக்கு அடியில் ஓடும் வயருக்குக் காவலே இல்லை. அந்த வயர் எங்காவது சேசிஸில் உரசி உரிந்தால் பேட்டரி தன் முழு பலத்தையும் அதில் கொட்டும்.

அளவைக் கணக்குப் போடுவது எளிது. 20 வாட் லைட் இரண்டு என்றால் 40 வாட். 12 வோல்ட்டால் வகுத்தால் 3.3 ஆம்பியர். 5 ஆம்பியர் ஃபியூஸ் போதும். ஆனால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் வாட்டை நம்பிக் கணக்குப் போடாதீர்கள். பல எல்இடி லைட்டுகள் பெட்டியில் சொல்வதைவிட மிகக் குறைவாகவே எடுக்கின்றன. மல்டிமீட்டரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்றி, வரிசையில் வைத்து அளந்துவிடுங்கள். பேட்டரி வயரிலேயே அப்படி வைத்திருந்தால் செல்ஃப் பட்டனைத் தொடக்கூடாது, மல்டிமீட்டரின் ஃபியூஸ் போய்விடும்.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போனால் 5-க்குப் பதில் 15 போடுவதும், வெள்ளித்தாள் சுற்றிவிடுவதும் மிகவும் ஆபத்து. அடுத்து எரியப்போவது வயர்தான். ஷார்ட்டைக் கண்டுபிடிக்க நல்ல வழி ஒன்று இருக்கிறது. ஃபாக் லைட் கப்ளர்களைக் கழற்றிவிடுங்கள். ஃபியூஸ் இருந்த இடத்தில் 21 வாட் பிரேக் லைட் பல்பு ஒன்றை வயர் வைத்து இணைத்து ஸ்விட்சைப் போடுங்கள். ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும், வயருக்கு ஆபத்து வராது. இப்போது வயரிங்கை ஒவ்வோர் இடமாக அசைத்துக்கொண்டே போங்கள். பல்பு அணையும் இடம்தான் உரசிய இடம். ஹேண்டில் திரும்பும் கழுத்துப் பகுதி, டேங்க்கின் முன் மவுன்ட், சைடு பேனல் கிளிப், இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுதாகத் திருப்பும்போது வயர் இழுபடாமல் தளர்வாக இருக்க வேண்டும்.

ரிலேயைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 85, 86 எண் முனைகள் ரிலேயை இயக்குபவை, 30, 87 முனைகள் லைட்டின் மின்சாரத்தைச் சுமப்பவை. ஸ்விட்ச் போட்டதும் 'டிக்' சத்தம் வராவிட்டால் 85, 86 பக்கம் தேடுங்கள். சத்தம் வந்தும் லைட் எரியாவிட்டால் 30, 87 பக்கம். 'டிக் டிக்' என்று படபடத்தால் ரிலேவுக்கு வரும் வோல்ட் தள்ளாடுகிறது என்று பொருள். முனைகள் கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டினால் உள்ளே தண்ணீர் தேங்காது.

பேட்டரி இறங்குவது இரண்டு வகை

ஓட்டும்போது இறங்குவது ஒன்று, நிறுத்தி வைத்திருக்கும்போது இறங்குவது இன்னொன்று. இரண்டையும் குழப்பிக்கொண்டால் தேவையில்லாமல் புதுப் பேட்டரி வாங்க நேரும்.

முதல் வகைக்கு, இன்ஜினை ஓடவிட்டு ஹெட்லைட், ஃபாக் லைட் எல்லாவற்றையும் போட்டுப் பேட்டரி முனையில் அளந்து பாருங்கள். நீங்கள் வழக்கமாக ஓட்டும் இன்ஜின் வேகத்தில் 13.5 முதல் 14.5 வரை இருந்தால் நல்லது. 12.8-க்குக் கீழே நின்றால், இன்ஜினோடு சுற்றி மின்சாரம் தயாரிக்கும் அமைப்பிலுள்ள ஸ்டேட்டர் காயில் தருவதைவிட நீங்கள் எடுப்பது அதிகம், அல்லது அதைப் பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ரெக்டிஃபையரில் கோளாறு. லைட்டை அணைத்ததும் 14-க்கு ஏறிவிட்டால் ரெக்டிஃபையரைக் குறை சொல்ல வேண்டாம், சுமைதான் அதிகம். 100 சிசி பைக்கில் பெரிய லைட் பார் மாட்டிக்கொண்டு, மலைச்சாலையில் குறைந்த இன்ஜின் வேகத்தில் வெகுநேரம் போனால் அந்தச் சிறிய பேட்டரி தாங்காது. வாட் குறைந்த, பீம் சரியாக விழும் லைட்டாகத் தேர்ந்தெடுப்பதுதான் அதற்கு வழி.

இரண்டாவது வகைக்கு, சாவியை எடுத்துவிட்டு நெகட்டிவ் வயரைக் கழற்றி இடையில் ஆம்பியர் அளவில் மல்டிமீட்டரை வையுங்கள். சில மில்லி ஆம்பியர் என்றால் கவலையில்லை. ரிலேயின் 86-ஐ நேராகப் பேட்டரியில் கொடுத்துவிட்டு ஃபாக் லைட் ஸ்விட்சை அணைக்க மறந்தால், லைட்டையே கழற்றி வைத்திருந்தாலும் ரிலேயின் காயில் மட்டும் சுமார் 150 மில்லி ஆம்பியர் எடுக்கும். 4 ஆம்பியர் மணி பேட்டரியை ஒரு நாளைக்குக் கொஞ்சம் மேலே போனால் காலியாக்க அதுவே போதும். ரிலேவுக்கான தூண்டுதலைச் சாவி போட்டால் மட்டும் உயிர்வரும் வயரிலிருந்து எடுங்கள். நேராகப் பேட்டரியில் கொடுத்த மொபைல் சார்ஜரும் சிறுகச் சிறுக இறக்கும்.

2017 ஏப்ரலில் எப்போதும் ஹெட்லைட் எரியும் விதி வருவதற்கு முன் வந்த பைக் வைத்திருப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவற்றில் பலவற்றில் ஹெட்லைட்டுக்குப் பேட்டரியிலிருந்து மின்சாரம் போவதில்லை, காயிலிலிருந்து நேராக ஏசி (திசை மாறி மாறி ஓடும் மின்சாரம்) போகிறது. அந்த வயரில் எல்இடியை இணைத்தால் மினுக்கும், சீக்கிரம் கெட்டும் போகும். மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஹெட்லைட் வயரை ஒருமுறை சோதித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

2020-க்குப் பிறகு வந்த, பிஎஸ்6 என்ற புகை விதிக்கு உட்பட்ட பைக்குகளில் பெரும்பாலும் இன்ஜினை ஈசியூ என்ற சிறு கணினி கவனித்துக்கொள்கிறது. நிறத்தைப் பார்த்து ஏதோ ஒரு வயரை ஊசியால் குத்தி மின்சாரம் எடுக்கும் பழக்கம் அங்கே கூடவே கூடாது. அது சென்சார் வயராக இருந்தால் இன்ஜின் எச்சரிக்கை விளக்கு எரியும், பைக் வழியில் நின்றுபோகவும் கூடும். குத்திய துளை வழியாக அடுத்த மழையில் ஈரம் இழைகளில் ஊர்ந்து செப்பு கறுத்துவிடும். மழையில் மட்டும் வரும் குறைகளுக்கு இப்படிப்பட்ட துளைகளும், முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட்டுகளும், ஹேண்டிலில் மாட்டிய மூடியில்லாத ஸ்விட்சுகளும்தான் காரணம். ஜாயின்ட் போட வேண்டுமென்றால் சரியான அளவு டெர்மினலை அழுத்திப் பிடித்து, உள்ளே பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போடுங்கள். டேப் வெயிலில் இளகிப் பிரிந்துவிடும்.

லைட் எரிந்துவிட்டால் வேலை முடிந்தது என்று கிளம்பிவிடாதீர்கள். சமதளத்தில் சுவருக்கு எதிரே, நீங்கள் பைக்கில் உட்கார்ந்திருக்க, பீமின் மேல் விளிம்பு லைட்டின் உயரத்தைவிடக் கீழே விழுகிறதா என்று பார்த்து மாட்டுங்கள். கொண்டை ஊசி வளைவில் எதிரே இறங்கி வரும் பேருந்து ஓட்டுநருக்குக் கண் கூசினால் ஆபத்து உங்களுக்குத்தான். நிறுவனம் கொடுத்த அமைப்புக்கு மாறாக வாகனத்தை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கிறது. அதனால் பைக் நிறுவனமே துணைப்பொருளாகத் தரும் லைட் கிடைத்தால் அதையே வாங்குங்கள்.

வேலை செய்யும்போது பேட்டரியில் நெகட்டிவை முதலில் கழற்றி, கடைசியில் மாட்டுங்கள். பாசிட்டிவில் இருக்கும் ஸ்பேனர் சேசிஸில் பட்டாலும் அப்போது தீப்பொறி வராது. சீட்டுக்கு அடியில் அதே அளவு ஃபியூஸ் இரண்டும், எந்த நிற வயர் எங்கே போகிறது என்று எழுதிய ஒரு தாளும் வையுங்கள். வால்பாறையில் வண்டி நின்றால், அங்கிருக்கும் மெக்கானிக்குக் கூடுதல் வயரிங்கைப் புரிந்துகொள்ள அந்தத் தாள் ஒன்றுதான் கையில் இருக்கும்.