கன்தவுத்தோரே: தானே எழுதித் தானே பாடுபவர்

இத்தாலியப் பாட்டுகளைப் பற்றிப் படித்தால் 'கன்தவுத்தோரே' என்ற சொல் அடிக்கடி கண்ணில் படும். பாடகரைக் குறிக்கும் 'கன்தான்தே', ஆசிரியரைக் குறிக்கும் 'அவுத்தோரே' இரண்டையும் ஒட்டிச் செய்த சொல் இது. தன் பாட்டைத் தானே எழுதிப் பாடுபவர் என்று பொருள். பெண் என்றால் கன்தவுத்ரீச்சே.

ஏதோ பழஞ்சொல் போல ஒலித்தாலும், இது 1960 வாக்கில் ஆர்சிஏ இசைத்தட்டு நிறுவனத்தின் இத்தாலியக் கிளை வழியாகப் புழக்கத்துக்கு வந்தது. அதுவரை ஒருவர் எழுத, ஒருவர் மெட்டுப்போட, மற்றொருவர் பாடுவதே பெருவழக்கு. 1958இல் தொமேனிக்கோ மொதுன்யோ, தான் சேர்ந்து எழுதிய பாட்டைத் தானே பாடி சான்ரெமோ என்னும் இத்தாலியப் பாட்டுப் போட்டி விழாவில் வென்றபோது அந்த வழக்கம் ஆட்டம் கண்டது.

சொல்லை விற்பனைக்காக உருவாக்கியிருக்கலாம். ஆனால் அது குறிக்கும் ஆட்கள் இத்தாலிக்குப் புதியவர்கள் இல்லை. 'கன்தஸ்தோரியே' என்னும் கதைப்பாடகர்கள் சந்தைத் திடலில் கட்டம் கட்டமாக வரைந்த படப்பலகையை நிறுத்தி, கோலால் சுட்டிக்காட்டியபடி கொலை, கொள்ளை, காதல் என்று பாடுவார்கள். சிசிலியின் சிச்சோ புசாக்கா 20ஆம் நூற்றாண்டிலும் கிட்டாரோடு இப்படிப் பாடினார்.

அந்த வேர் நன்றாகத் தெரிவது இத்தாலியத் துறைமுக நகரான ஜெனோவாவின் ஃபாப்ரீத்சியோ தே அந்த்ரேயிடம் (1940-1999). விலைமாதர், கைதிகள், ஊரால் ஒதுக்கப்பட்டவர்கள்தான் அவர் பாட்டின் நாயகர்கள். 1984இல் இசைக்கலைஞர் மவுரோ பகானியுடன் சேர்ந்து 'க்ரேசா தெ மா' தொகுப்பை முழுக்க ஜெனோவா வட்டார மொழியிலேயே வெளியிட்டார். மற்ற இத்தாலியர்களுக்கே எளிதில் புரியாத மொழி! ஊத், புசூக்கி என்று மத்தியதரைக் கடலோர வாத்தியங்கள்; தலைப்புப் பாட்டின் முடிவில் ஜெனோவா மீன் சந்தையின் கூவல். நாட்டார் மெட்டை எடுத்து மெருகேற்றுவதைவிட இது துணிச்சலான வேலை என்பேன்.

வயலின் கலைஞர் ஆஞ்செலோ பிரான்துவார்தியின் வழி வேறு. 1976இல் வந்த அவருடைய புகழ்பெற்ற பாட்டில் எலியைப் பூனை தின்னும், பூனையை நாய் கடிக்கும், நாயைத் தடி அடிக்கும். அப்படியே நீண்டுகொண்டே போகும். யூதர்கள் பஸ்கா பண்டிகையில் பாடும் ஆட்டுக்குட்டிப் பாட்டுதான் அதற்கு மூலம்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'பாணர்' அழகான சொல்தான். ஆனால் புரவலரைத் தேடிப் போன சங்ககாலக் குடியின் பெயர் அது, இங்கே ஒட்டாது. 'வாக்கேயக்காரர்' சொல்லையும் இசையையும் தாமே ஆக்குபவர்; பொருள் நெருங்கினாலும், கேட்டதும் கர்நாடக இசைக் கீர்த்தனைதான் நினைவுக்கு வரும். 'பாடகர், பாடலாசிரியர்' என்று தனித்தனியாக எழுதினால் இரண்டு பேர் என்று நினைத்துவிடுவார்கள். 'பாடலாசிரியப் பாடகர்' என்பதே பொருத்தம். இருபாலருக்கும் அது ஒன்றே போதும்.