5 அடி 5 அங்குலத்துக்கு எத்தனை கிலோ?

சம்பா அறுவடைக் காலத்தில் மன்னார்குடிப் பக்கத்து நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில், மூட்டை பிடிப்பதற்கு முன்பே ஒரு கைப்பிடி நெல்லை அள்ளி ஈரப்பதமானியில் போட்டுப் பார்ப்பார்கள். ஈரம் 17 சதவீதத்தைத் தாண்டினால், வழக்கமாகக் களத்தில் காயவைத்துக் கொண்டுவரச் சொல்லிவிடுவார்கள். 40 கிலோ மூட்டையில் நெல் எவ்வளவு, நீர் எவ்வளவு என்பதைத் தராசு சொல்லாது என்பது டெல்டா விவசாயிக்குத் தெரிந்ததுதான். தன் உடலை நிறுக்கும்போது மட்டும் பெரும்பாலோர் இதை மறந்துவிடுகிறோம்.

உயரத்தைச் சென்டிமீட்டரில் அளந்து அதிலிருந்து 100ஐக் கழித்தால் வருவதே சரியான எடை என்ற கணக்கு, 19ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு அறுவை மருத்துவர் பால் புரோக்காவின் பெயரால் வழங்குகிறது. இன்று மருத்துவமனைகளில் அதிகம் புழங்குவது 1974இல் டிவைன் என்பவர் வெளியிட்ட சூத்திரம். அதன்படி 5 அடி உயரத்துக்கு ஆணுக்கு 50 கிலோ, பெண்ணுக்கு 45.5 கிலோ, அதற்கு மேல் ஒவ்வோர் அங்குலத்துக்கும் 2.3 கிலோ கூட்டிக்கொள்ள வேண்டும். அதே உயரமுள்ள பெண்ணைவிட ஆணின் உடலில் தசையும் எலும்பும் சராசரியாகக் கூடுதல் என்பதால்தான் இந்த 4.5 கிலோ வித்தியாசம்.

இந்தச் சூத்திரம் யாருடைய ஆரோக்கியத்தையும் அளக்கப் பிறந்ததன்று. ஜென்டாமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து கொழுப்புத் திசுவுக்குள் அதிகம் பரவுவதில்லை. ஆகவே பருமனான நோயாளிக்கு அவருடைய முழு எடையை வைத்து மருந்தளவைக் கணக்கிட்டால் அளவு மிஞ்சிச் சிறுநீரகம் பாதிக்கப்படலாம். அதைத் தவிர்க்க எழுதப்பட்ட எளிய கணக்கே பின்னாளில் ‘இலட்சிய எடை’ என்ற பெயரில் ஊரெல்லாம் சுற்றுகிறது. நம் ஊர்ப் பெண்களுக்கு இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. நடவு வயலில் வரிசையாக நிற்கும் பெண்களில் 5 அடியை எட்டாதவர்கள் பலர். 5 அடிக்குக் கீழே இந்தக் கணக்கு எதையும் சொல்வதில்லை.

ஒற்றை எண்ணைவிட ஒரு வரம்பைச் சொல்லும் உடல் நிறை குறியீட்டெண் (BMI) இங்கே மேலானது. எடையைக் கிலோவிலும் உயரத்தை மீட்டரிலும் எடுத்து, எடையை உயரத்தின் வர்க்கத்தால் வகுக்க வேண்டும். வளர்ந்த மனிதர்களின் எடை ஏறத்தாழ உயரத்தின் வர்க்கத்தை ஒட்டிக் கூடுகிறது என்று 19ஆம் நூற்றாண்டில் கண்டவர் பெல்ஜிய அறிஞர் கெட்லே. இப்போதைய பெயரை 1972இல் சூட்டியவர் அமெரிக்க உடலியங்கியல் அறிஞர் ஆன்சல் கீஸ். உலக அளவில் 18.5 முதல் 24.9 வரை இயல்பு எனப்பட்டாலும், இந்தியர்களுக்கு மருத்துவர்கள் மேல்வரம்பை 22.9இல் நிறுத்துகிறார்கள். அதே குறியீட்டெண் கொண்ட ஐரோப்பியரைவிட நம் உடலில், குறிப்பாக வயிற்றுப் பகுதியில், கொழுப்பு கூடுதலாக இருப்பதும், நீரிழிவு நம்மைக் குறைந்த எடையிலேயே பிடித்துக்கொள்வதும் இதற்குக் காரணம்.

5 அடி 5 அங்குல, அதாவது 165 சென்டிமீட்டர் உயரமுள்ள ஆணுக்குப் புரோக்கா கணக்கு 65 கிலோ என்கிறது, டிவைன் 61.5 கிலோ என்கிறார். குறியீட்டெண்ணோ ஏறத்தாழ 50 முதல் 62 கிலோ வரை இடம் தருகிறது. 147 சென்டிமீட்டர் உயரமுள்ள பெண்ணுக்கு அந்த வரம்பு 40 முதல் 49.5 கிலோ. கர்ப்பிணிகளுக்கும் வளரும் பிள்ளைகளுக்கும் இந்தக் கணக்குகள் பொருந்தா.

குறியீட்டெண் ஆண், பெண் என்று பார்ப்பதில்லை. மூட்டை தூக்கி இறுகிய தசையையும் கல்லாவில் உட்கார்ந்து சேர்ந்த கொழுப்பையும் அதனால் பிரித்தறியவும் இயலாது. ஈரப்பதமானியின் வேலையை இங்கே ஓரளவு செய்வது இடுப்புச் சுற்றளவு. ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டருக்கும் உள்ளே அது இருக்க வேண்டும். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல்விளிம்புக்கும் நடுவே, இயல்பாக மூச்சை விட்ட நிலையில் நாடாவைச் சுற்ற வேண்டும். வேட்டி கட்டும் இடத்தில் அளப்பது தவறு. தொப்பை வளர வளர வேட்டி அதற்குக் கீழே இறங்கிவிடுகிறது. அங்கே வைத்த நாடா பல ஆண்டுகளுக்கு ஏறக்குறைய ஒரே அளவைத்தான் காட்டிக்கொண்டிருக்கும்.