விட்டுவிட்டுக் கொடுக்கும் மின்சாரம்

நாலு பென்சில் பேட்டரி, ஒரு மஞ்சள் கியர் மோட்டார். பேட்டரியோடு நேராக இணைத்தால் மோட்டார் பறக்கிறது. வேகத்தைக் குறைக்க ஒரு ரெசிஸ்டர் போட்டால் போதாதா? போடலாம்தான். ஆனால் 6 வோல்ட்டைப் பாதியாக்கினால் மின்திறனில் பாதி ரெசிஸ்டரிலேயே சூடாகிப் போகும். அப்புறம், வண்டி மேடு ஏறும்போது மோட்டார் அதிகக் கரன்ட் கேட்கும். கரன்ட் கூடக் கூட ரெசிஸ்டர் பிடித்துக்கொள்ளும் வோல்ட்டும் கூடும். வேண்டிய நேரத்தில் கை விரிக்கும் ஏற்பாடு இது.

அதனால் முழு 6 வோல்ட்டையே கொடுக்கிறோம், ஆனால் விட்டுவிட்டு. இதுதான் பி.டபிள்யூ.எம். (பல்ஸ் விட்த் மாடுலேஷன், அதாவது துடிப்பின் அகலத்தைக் கூட்டிக் குறைப்பது). ஆர்டுயினோ ஊனோ என்ற சின்னக் கட்டுப்பாட்டுப் பலகையில் இதற்கான பெரும்பாலான பின்கள் (இணைப்புக் கால்கள்) நொடிக்குச் சுமார் 490 முறை மின்சாரத்தைப் போட்டு அணைக்கின்றன. 0 முதல் 255 வரை நாம் தரும் எண், ஒவ்வொரு சுற்றிலும் எவ்வளவு நேரம் 'போட்டு' வைப்பது என்று சொல்கிறது. 127 என்றால் 2 மில்லிநொடியில் 1 மில்லிநொடி.

குயவர் சக்கரத்தைக் கோலால் நாலு சுற்றுச் சுற்றிவிட்டுக் கையை எடுத்தாலும் அது நிற்காது. மோட்டாரும் அப்படித்தான். மின்சாரம் நின்றாலும் சுருளில் ஓடிய கரன்ட் உடனே அறுந்துவிடாது; கரன்ட்டை ஒரே திசையில் மட்டும் விடும் டயோடு வழியாகச் சற்று நேரம் சுற்றும்.

எண்ணை 40-க்கு இறக்கினேன். மோட்டார் நகரவில்லை, 'ங்ங்ங்' என்று முனகியது. உராய்வை மீற அந்தத் தள்ளல் போதவில்லை. முனகல், அந்த 490 துடிப்புகளின் ஓசை. ஒரு கணம் 255 கொடுத்துக் கிளப்பிவிட்டுக் குறைத்ததும் மெதுவாக உருள ஆரம்பித்தது.

திசை மாற்றுவது வேறு கதை. 'எச்' எழுத்தைப் போல நான்கு சுவிட்சுகள், நடுக்கோட்டில் மோட்டார். ஒரு மூலைவிட்டச் சோடியை மூடினால் முன்னோக்கி, மற்றதை மூடினால் பின்னோக்கி. ஒரே பக்கத்து இரண்டையும் மூடினால் பேட்டரி ஷார்ட்! இந்த நான்கு சுவிட்சுகளையும் உள்ளே கொண்ட எல்298 சிப்பின் உள்ளமைப்பு அதற்கு இடம் கொடுக்காது. ஆனால் அதில் சுவிட்சாக இருப்பவை பழைய வகை டிரான்சிஸ்டர்கள் என்பதால் 1 ஆம்பியர் ஓடும்போது 2 வோல்ட்டுக்கு மேல் தானே விழுங்கிவிடும். நம் 6 வோல்ட்டில் அது பெரிய இழப்பு.

முழு வேகத்தில் ஓடும் மோட்டாரைச் சட்டென்று பின்னோக்கித் திருப்பாதீர்கள். சுழலும்போது மோட்டாரே உண்டாக்கும் வோல்ட் பேட்டரியோடு சேர்ந்துகொள்ள, கிளம்பும்போது இழுப்பதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கரன்ட் பாயும். முதலில் 0-க்குக் கொண்டுவந்து, சக்கரம் நின்ற பிறகு திசையை மாற்றுங்கள்.